கலியாணப் பெண்ணுக்கு மூன்று உடை! போட்டோ எடுப்பது எப்படி?

தூத்துக்குடியில் ஒரு கலியாண வீடு. பெண்ணுக்கு எத்தனை உடை என்று கேட்டுப் பாருங்கள்.

"காலையில் மாதா கோவிலுக்கு வெள்ளை. மாலையில் வரவேற்புக்குக் கூறைப்பட்டு. இடையில் கடற்கரையில் படம் எடுக்க இன்னொன்று" என்று பதில் வரும்.

மூன்று உடை! கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. போட்டோ எடுப்பவர் வருகிறார். வீடியோ எடுப்பவர் வருகிறார். ஆயிரக்கணக்கில் படம் பிடித்துத் தள்ளுகிறார்கள்.

ஒரு மாதம் கழித்து ஆல்பம் வருகிறது. கனமான ஆல்பம். வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து புரட்டுகிறார்கள். வெள்ளை உடையில் பெண். பட்டுச்சேலையில் பெண். கடல் ஓரத்தில் பெண். சிரித்தபடி பெண். திரும்பிப் பார்த்தபடி பெண்.

"ஆமாம், பாட்டி எங்கே?" என்று யாரோ கேட்கிறார்கள்.

மறுபடியும் முதலில் இருந்து புரட்டுகிறார்கள். பாட்டி இல்லை. பந்தியில் உட்கார்ந்திருக்கும் ஒரு படத்தில் மட்டும் பாதி முகம் தெரிகிறது!

பாட்டி கலியாணத்துக்கு வராமல் இல்லை. மணப்பாட்டில் இருந்து பஸ் ஏறி, காலையிலேயே வந்துவிட்டார். பெண்ணோடு நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று காத்திருந்தார். பெண் உடை மாற்றப் போயிருந்தாள். வெகுநேரம் ஆகியும் வரவில்லை. கடைசி பஸ் போய்விடுமே என்று பாட்டி கிளம்பிவிட்டார்.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. பெண்ணுக்கு உடை கூடிய வீடுகளில் எல்லாம் நடக்கக்கூடிய கதை. கொஞ்சம் முன்யோசனை இருந்தால் இதைத் தடுத்துவிடலாம். அது எப்படி என்று பார்ப்போம்.

நேரம் எங்கே போகிறது?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம்.

மாலை 6 மணி முதல் 9 மணி வரை வரவேற்பு. மொத்தம் 3 மணி நேரம். அதாவது 180 நிமிடம்.

ஒரு உடையைக் கழற்றி, இன்னொன்றை உடுத்தி, நகை மாற்றி, தலை வாரி, பூ வைத்து, முகத்துக்குப் பவுடர் போட்டு வெளியே வர 45 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரவேற்பின் நடுவே பெண் இரண்டு முறை உடை மாற்றினால் 90 நிமிடம்.

180-ல் 90 போனால் மீதி எத்தனை? பாதி!

தன் கலியாண வரவேற்பில் பாதி நேரம் பெண் அறைக்குள் இருக்கிறாள். மாப்பிள்ளை தனியாக மேடையில் நிற்கிறார். வந்தவர்கள் மொய்க்கவரைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள்.

உடைக்குச் செலவாகும் பணத்தை எல்லோரும் கணக்குப் பார்க்கிறோம். உடைக்குச் செலவாகும் நேரத்தை யாரும் கணக்குப் பார்ப்பது இல்லை. கோளாறு அங்கேதான் ஆரம்பம் ஆகிறது.

வெள்ளை எப்போது வந்தது?

தூத்துக்குடிக் கடற்கரையில் பரதவர்கள் கிறிஸ்தவ மதத்தில் சேர்ந்தது 1530-களில். புனித பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தது 1542-ல். பனிமய மாதாவின் சொரூபம் கப்பலில் வந்து சேர்ந்தது 1555-ல் என்பார்கள். இன்று நாம் பார்க்கும் மாதா கோவில் மந்திரிக்கப்பட்டது 1713-ல். 1982-ல் அது பேராலயம் ஆக உயர்த்தப்பட்டது.

இவை எல்லாம் பழைய கதை. ஆனால் கலியாணத்துக்கு வெள்ளை உடை என்ற வழக்கம் உலகில் பரவியது வெகு காலத்துக்குப் பிறகுதான்!

1840-ம் ஆண்டு பிப்ரவரி 10-ந் தேதி இங்கிலாந்தின் விக்டோரியா ராணிக்குக் கலியாணம் நடந்தது. ராணி வெள்ளைப் பட்டு உடை அணிந்தார். அதற்கு முன்பு ஐரோப்பாவில் பெண்கள் பல நிற உடைகளில் மணம் செய்துகொண்டார்கள். ராணி உடுத்திய பிறகு வெள்ளை மெல்ல மெல்ல நாகரிகம் ஆயிற்று. பிறகு கடல் கடந்து நம் நாட்டுக்கும் வந்தது.

இதில் ஒரு வேடிக்கை. அந்த ராணியின் கலியாணத்துக்கே போட்டோ கிடையாது! போட்டோ பிடிக்கும் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839-ல்தான். கலியாண வீட்டுக்கு வரும் அளவுக்கு அப்போது அது வளரவில்லை.

நம் ஊர்ப் பெண்கள் அந்த வெள்ளையைத் தங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டார்கள். சில வீடுகளில் வெள்ளைக் கவுன். சில வீடுகளில் வெள்ளைச் சேலை, தலையில் நெட். பிறகு கூறைப்பட்டு, தலை நிறையப் பூ, நெற்றிச்சுட்டி. இரண்டையும் விட்டுக்கொடுக்க மனம் இல்லை. அதனால்தான் இரண்டு உடை!

மணவறையில் நடக்கும் மாற்றம்

இந்து வீடுகளிலும் உடை மாற்றம் உண்டு. அது இன்று நேற்று வந்தது அல்ல. சடங்கிலேயே இருக்கிறது.

பெண் ஒரு சேலையில் மணவறைக்கு வருகிறாள். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த கூறைச்சேலையைத் தட்டில் வைத்துப் பெரியவர்களிடம் காட்டி ஆசீர்வாதம் வாங்குகிறார்கள். அந்தச் சேலையைப் பெண் வாங்கிக்கொண்டு உள்ளே போகிறாள். உடுத்திக்கொண்டு திரும்புகிறாள். பிறகுதான் தாலி ஏறுகிறது.

முந்தின நாள் மாலை வரவேற்பு வைத்தால் அதற்கு ஒரு சேலை. ஆக, மூன்று!

மாதா கோவிலில் பெண் கொஞ்சம் தாமதமாக வந்தால் சாமியார் பொறுத்துக்கொள்வார். முகூர்த்த நேரம் பொறுத்துக்கொள்ளாது. கூறைச்சேலை உடுத்த நேரம் ஆகிவிட்டால் மணவறையில் ஒரே பரபரப்பு. அந்தப் பரபரப்பு பெண்ணின் முகத்தில் தெரியும். தாலி கட்டும் படத்தில் அது அப்படியே பதிந்துவிடும்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. கூறைச்சேலையை முந்தின இரவே கொசுவம் மடித்து, ஊக்குக் குத்தித் தயாராக வைக்கலாம். முந்தானை மடிப்பும் அப்படியே. மாப்பிள்ளை வீட்டார் சேலையை முன்கூட்டியே தர வழக்கம் இடம் கொடுக்காவிட்டால், நன்றாகச் சேலை கட்டிவிடத் தெரிந்த இரண்டு பெண்களை அறையில் தயாராக நிறுத்துங்கள். நாத்தனார் உடுத்திவிடும் வழக்கம் இருந்தால் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

முதலில் ஆட்கள், பிறகு உடை

போட்டோவுக்குத் திட்டம் போடும்போது எல்லோரும் உடையில் இருந்து தொடங்குகிறார்கள். ஆட்களில் இருந்து தொடங்குங்கள்.

ஒரு காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள். பெண்ணோடு கட்டாயம் படத்தில் இருக்க வேண்டியவர்களின் பெயர்களை எழுதுங்கள். பாட்டி, தாத்தா, அத்தை, தாய்மாமன், ஞானத்தாய், ஞானத்தகப்பன், படிப்புச் சொல்லிக்கொடுத்த டீச்சர் என்று ஒருவரையும் விடாதீர்கள். மாப்பிள்ளை வீட்டாரும் இதே மாதிரி எழுதட்டும்.

பெயருக்குப் பக்கத்தில் இரண்டு விஷயம் குறியுங்கள்.

ஒன்று, அவர் எத்தனை மணி வரை இருப்பார்?

இரண்டு, அந்த நேரத்தில் பெண் எந்த உடையில் இருப்பாள்?

இவ்வளவுதான் விஷயம். வெளியூர் பாட்டி மதியத்தோடு போய்விடுவார் என்றால், அவர் படம் காலை உடையில்தான். கப்பலில் வேலை பார்க்கும் அண்ணன் லீவு முடிந்து அன்று இரவே ரெயில் ஏற வேண்டும் என்றால், அவர் படத்தை மாலைக்குத் தள்ளாதீர்கள். அடுத்த முறை அவர் ஊருக்கு வர எத்தனை மாதம் ஆகுமோ!

"எல்லா உடையிலும் எல்லோரோடும் எடுத்துவிடலாம்" என்று சிலர் சொல்வார்கள். நடக்காது. 20 பேர் கொண்ட ஒரு குடும்பத்தைக் கூட்டி வரிசையாக நிறுத்தவே 10 நிமிடம் ஆகும். மூன்று உடைக்கும் மூன்று முறை கூட்ட முடியுமா? வந்தவர்களுக்குக் கால் வலிக்கும், குழந்தைகள் அழும்.

ஆகவே, குடும்பப் படத்துக்கு ஒரே ஒரு உடை என்று முடிவு செய்யுங்கள். எந்த உடையில் பெண் இருக்கும்போது பெரியவர்கள் அதிகமாக இருப்பார்களோ, அந்த உடை!

இன்னொன்று. போட்டோ எடுப்பவருக்கு உங்கள் பாட்டியைத் தெரியாது. ஆச்சியையும் அத்தையையும் அவர் எப்படி அடையாளம் கண்டுபிடிப்பார்? பெண் வீட்டில் ஒருவர், மாப்பிள்ளை வீட்டில் ஒருவர் அவர் பக்கத்தில் நிற்க வேண்டும். கையில் பட்டியல் இருக்க வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, படம் எடுத்ததும் பெயரை அடிக்க வேண்டும். சித்தி மகனோ, மாமன் மகளோ, குரல் உள்ள ஒரு பிள்ளையைப் பிடித்துப்போடுங்கள்.

நேரப் பட்டியல் இதோ

காலை 10 மணிக்கு மாதா கோவிலில் கலியாணம் என்று வைத்துக்கொள்வோம். பட்டியல் இப்படி இருக்கலாம்.

காலை 6-30: பெண்ணுக்குத் தலை வாரி, உடை உடுத்தத் தொடங்குவது.

8-30: பெண் தயார். வீட்டில் அரைமணி நேரம் படம். அம்மா தலையில் நெட் வைப்பது, அப்பா பார்ப்பது, பாட்டி ஆசீர்வதிப்பது.

9-00: காப்பி, பலகாரம். பெண்ணும் சாப்பிட வேண்டும்! உடை மேல் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு சாப்பிடட்டும். பசித்த முகத்தில் சிரிப்பு வராது.

9-30: கோவிலுக்குப் புறப்படுவது.

11-15: பூசை முடிந்ததும் கோவில் வாசலில் குடும்பப் படம். மிக வயதானவர்கள் முதலில். அடுத்து, கைக்குழந்தை உள்ளவர்கள். வாலிபர்கள் கடைசியில்.

12-00: மண்டபத்துக்குப் போய்ச் சாப்பாடு. பிறகு ஓய்வு.

3-45: கூறைப்பட்டு உடுத்துவது.

5-00: மணமக்கள் மட்டும் கடற்கரையில் படம்.

6-30: வரவேற்பு மேடை. அதன் பிறகு உடை மாற்றம் கிடையாது!

இரண்டு உடை மாற்றத்துக்கு நடுவில் கால் மணி நேரம் சும்மா விடுங்கள். பூக்காரர் தாமதமாக வருவார். ரவிக்கைக் கொக்கி அறுந்துபோகும். அந்தக் கால் மணி நேரம்தான் உங்களைக் காப்பாற்றும்.

காலையில் பூசை முடிந்ததுமே கூறைப்பட்டுக்கு மாறும் வீடுகளும் உண்டு. அப்படியானால் வெள்ளை உடையில் எடுக்க வேண்டிய படம் எல்லாம் கோவில் வாசலிலேயே முடிந்துவிட வேண்டும். கழற்றிய வெள்ளையை மறுபடி உடுத்த யாருக்கும் பொறுமை இருக்காது.

கிழக்கே கடல்; மேற்கே வெயில்

தூத்துக்குடிக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சூட்சுமம் இருக்கிறது. நம் கடல் கிழக்கே இருக்கிறது.

காலையில் சூரியன் கடலில் இருந்து மேலே வரும். அப்போது பெண்ணைக் கடலுக்கு முதுகு காட்டி நிறுத்தினால் வெளிச்சம் பின்னால் இருக்கும். முகம் இருட்டாகிவிடும். காலையில் எடுத்தால், பெண் கடலைப் பார்த்து நிற்கட்டும். முகத்தில் வெளிச்சம் விழும்.

மாலையில் எல்லாம் தலைகீழ். சூரியன் ஊர்ப் பக்கம் இறங்கும். அப்போது கடலைப் பின்னால் வைத்துப் பெண்ணை நிறுத்தலாம். முகத்தில் மஞ்சள் வெயில். பின்னால் நீலக் கடல். பட்டுச்சேலையின் ஜரிகை பளபளவென்று மின்னும்.

அதனால்தான் கடற்கரைக்குப் பட்டுச்சேலை, நேரம் மாலை. நம் ஊரில் சூரியன் மறைவது ஏறத்தாழ 6 மணிக்கும் 6-40-க்கும் இடையே. மாதத்துக்கு மாதம் கொஞ்சம் மாறும். மறைவதற்கு முந்திய ஒரு மணி நேரம் வெயில் கண்ணைக் குத்தாது. அந்த நேரத்தை உடை மாற்றுவதில் தொலைத்துவிட்டு இருட்டிய பிறகு கடற்கரைக்குப் போய் என்ன பயன்?

காலை 11 மணி, 12 மணி வெயில் வேறு மாதிரி. உச்சியில் இருந்து அடிக்கும். கண்ணுக்குக் கீழே நிழல் விழும். கோவில் வாசலில் குடும்பப் படம் எடுக்கும்போது கட்டிட நிழலில் எல்லோரையும் நிறுத்துங்கள். பாதிப் பேர் வெயிலிலும் பாதிப் பேர் நிழலிலும் நின்றால் படம் கெட்டுப்போகும்.

காற்றையும் மறக்கக்கூடாது. ஜூன், ஜூலை மாதங்களில் இங்கே கச்சான் காற்று பலமாக வீசும். தலையில் உள்ள நெட் கொடி மாதிரி பறக்கும். நான்கு ஊக்கு அதிகமாகக் குத்துங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை வரலாம். அந்த மாதங்களில் கலியாணம் என்றால் மண்டபத்துக்குள் ஜன்னல் வெளிச்சம் விழும் ஓர் இடத்தை முன்கூட்டியே பார்த்துவையுங்கள்.

எங்கே போகலாம்?

முத்துநகர் கடற்கரை இருக்கிறது. ரோச் பூங்கா இருக்கிறது. மணப்பாட்டில் மணல் குன்றின் மேல் திருச்சிலுவைக் கோவில் இருக்கிறது. ஆனால் மணப்பாடு போய்த் திரும்ப அரை நாள் ஆகும். கலியாணத்தன்று அவ்வளவு தூரம் போனால், வரவேற்புக்கு வந்தவர்கள் காலி மேடையைப் பார்த்துவிட்டுப் போவார்கள். அந்த ஆசை இருந்தால் கலியாணத்துக்கு மறுவாரம் நிதானமாகப் போய்வாருங்கள்.

துறைமுகத்துக்குள் நினைத்தபடி கேமராவோடு போக முடியாது. அது காவல் உள்ள இடம். பறக்கவிடும் கேமராவுக்கும் அனுமதி வேண்டும். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. அங்கும் வனத்துறையின் அனுமதி இல்லாமல் கால் வைக்கக்கூடாது.

திருச்செந்தூர் கோவிலில் கலியாணம் வைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கோவில் பற்றி வந்த வழக்கை ஒட்டி, தமிழ்நாட்டுக் கோவில்களுக்குள் செல்போன் கொண்டுபோகத் தடை விதிக்கும்படி ஐகோர்ட்டின் மதுரைக் கிளை 2022-ல் உத்தரவிட்டது. எங்கே படம் எடுக்கலாம், எங்கே கூடாது என்று கோவில் அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். கலியாணத்தன்று வாசலில் நின்று வாதாட வேண்டாம்.

மாதா கோவிலிலும் சாமியாரிடம் கேட்க வேண்டும். போட்டோ எடுப்பவர் எங்கே நிற்கலாம், பிளாஷ் அடிக்கலாமா என்று தெரிந்துகொள்ளுங்கள். ஜூலை 26-ந் தேதி கொடி ஏறி ஆகஸ்டு 5-ந் தேதி முடியும் மாதா திருவிழா நாட்களில், பனிமய மாதா கோவில் முற்றத்தில் கால் வைக்க இடம் இருக்காது. அந்த நாட்களில் அங்கே குடும்பப் படம் எடுக்கத் திட்டம் போடாதீர்கள்.

வெள்ளையும் சிவப்பும் முத்தும்

வெள்ளை உடையைப் படம் பிடிப்பது சுலபம் என்று நினைக்கிறோம். அதுதான் கஷ்டம்!

கேமரா தானாக வெளிச்சத்தை அளக்கும். எங்கும் வெள்ளையாக இருந்தால் "வெளிச்சம் அதிகம்" என்று எண்ணி அது குறைத்துவிடும். வெள்ளை உடை சாம்பல் நிறம் ஆகும். பெண்ணின் முகம் கறுத்துப்போகும். பக்கத்தில் இருந்து பிளாஷ் அடித்தாலோ, உடையில் உள்ள வேலைப்பாடு எல்லாம் அழிந்து வெறும் வெள்ளையாகத் தெரியும். அனுபவம் உள்ள போட்டோக்காரர் இதைச் சரிசெய்வார். அவரை ஏற்பாடு செய்யும்போது, "வெள்ளை உடைப் பெண்ணை எடுத்த படம் காட்டுங்கள்" என்று கேளுங்கள். முகமும் தெரிய வேண்டும். உடையின் பூவேலையும் தெரிய வேண்டும். அப்படி இருந்தால் தைரியமாக முன்பணம் கொடுக்கலாம்.

முத்து நகையும் அப்படித்தான். நேராகப் பிளாஷ் அடித்தால் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். ஜன்னல் பக்கம் நின்று, ஒரு பக்கமாக வெளிச்சம் விழுந்தால்தான் முத்தின் உருட்சியும் ஒளியும் தெரியும். தூத்துக்குடிக் கடலில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-ல் கடைசியாக நடந்தது. பாட்டி காலத்து முத்து இன்னும் சில வீடுகளில் பத்திரமாக இருக்கிறது. அதைப் பெண் அணிந்தால், அதற்கு என்று ஒரு படம், ஜன்னல் ஓரத்தில், பாட்டியையும் பக்கத்தில் வைத்து எடுங்கள்.

உடை மாற்றும் அறை

உடை மாற்றும் அறையில் பெட்டியும் பையும் குவிந்து கிடக்கும். ஒவ்வொரு உடைக்கும் ஒரு பை வையுங்கள். ரவிக்கை, உள்பாவாடை, வளையல், செருப்பு, ஊக்கு எல்லாம் அந்தப் பைக்குள் இருக்க வேண்டும். பையின் மேல் 1, 2, 3 என்று எண் எழுதுங்கள்.

தலை அலங்காரம் எளிமையில் இருந்து கனத்துக்குப் போக வேண்டும். காலையில் கொண்டை, மாலையில் அதே கொண்டையில் பூவும் சுட்டியும் சேர்க்கலாம். காலையில் ஜடை அலங்காரம் செய்து, மாலையில் அதைப் பிரித்தால் ஒரு மணி நேரம் போயிற்று!

தலை வழியாகப் போடும் உடை அலங்காரத்தைக் கலைக்கும். காலில் இருந்து மேலே ஏற்றும் உடையே நல்லது. கலியாணத்துக்கு ஒரு வாரம் முன்பு ஒரு முறை உடுத்திப் பார்த்து, கடிகாரத்தில் நேரம் பாருங்கள். பட்டியலில் அந்த நேரத்தை எழுதுங்கள்.

அறைக் கதவுக்கு ஒரு பெண் காவல் இருக்க வேண்டும். செல்போன் உள்ளே வரக்கூடாது. விளையாட்டாக எடுத்த படம் எங்கே போய்ச் சேரும் என்று யாருக்குத் தெரியும்?

கேட்டுவிட்டு எடுங்கள்

பெண்களைப் படம் எடுப்பதை விரும்பாத குடும்பங்கள் உண்டு. முஸ்லிம் வீடுகள் பலவற்றில் நிக்காஹ் ஆண்கள் கூடிய இடத்தில் நடக்கும். பெண் வேறு இடத்தில் பெண்களோடு இருப்பாள். அங்கே படம் வேண்டும் என்றால் பெண் போட்டோகிராபரை அழைப்பது நல்லது. ஆண்கள் பக்கம் ஒருவர், பெண்கள் பக்கம் ஒருவர் என்று முன்பே பேசிவிடுங்கள். எடுத்த படத்தை யாருக்குக் காட்டலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

எந்த மதமாக இருந்தாலும் பெண்ணிடம் கேளுங்கள். "உனக்கு எந்த உடை பிடித்திருக்கிறது? யாரோடு நிற்க ஆசை?" இதை யாரும் அவளிடம் கேட்பதே இல்லை!

போட்டோவுக்காகக் கடன் வேண்டாம்

சடங்குக்கு உரிய உடையை விட்டுவிடச் சொல்லவில்லை. அது மரியாதை. ஆனால் படத்துக்காக மட்டும் ஒரு உடை, அதற்கு ஏற்ற நகை, அதற்கு ஒரு தனி அலங்காரம் என்று கடன் வாங்காதீர்கள். கடலில் போய் உழைத்தும், உப்பளத்தில் உழைத்தும் சேர்த்த காசு. அந்த உடையை மறுபடி எத்தனை முறை உடுத்தப்போகிறோம்? ஆசையாக இருந்தால் வாடகைக்கு எடுக்கலாம். அக்காள் உடுத்தியதைத் தங்கை உடுத்தலாம். அதில் ஒன்றும் குறைவு இல்லை.

மூன்றாவது உடைக்கு ஆகும் பணத்தில் எல்லாப் படங்களையும் காகிதத்தில் அச்சுப் போட்டு வைக்கலாம்.

படம் வந்த பிறகு

அந்தக் காலத்துக் கேமராவில் ஒரு சுருள் பிலிமில் 12 படம்தான் எடுக்கலாம். காசு கொடுத்து வாங்கிய பிலிம். ஆகவே யோசித்து எடுத்தார்கள். மணமக்கள் ஒன்று, பெற்றோருடன் ஒன்று, பெரியவர்களுடன் ஒன்று. அந்தப் பன்னிரண்டில் பாட்டிக்கு இடம் இருந்தது! இன்று ஆயிரம் படம் எடுக்கிறோம். யோசனை மட்டும் குறைந்துவிட்டது.

கலியாணம் முடிந்த அன்றே படங்களை இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஒன்று கெட்டால் மற்றொன்று இருக்கும். முக்கியமான படங்களைக் காகிதத்தில் அச்சுப் போடுங்கள். செல்போன் உடைந்தால் படம் போகும். காகிதப் படம் பெட்டியில் இருக்கும்.

நம் ஊர் உப்புக்காற்று ஆல்பத்துக்கு ஆகாது. ஈரம் இல்லாத அலமாரியில், சுவரை ஒட்டாமல் வையுங்கள். வருடத்துக்கு ஒரு முறை எடுத்துப் புரட்டுங்கள். பூச்சி அரிக்காமல் இருக்கும்.

படத்தின் பின்னால் பென்சிலால், அழுத்தாமல், பெயர்களை எழுதுங்கள். தேதியும் எழுதுங்கள். வீட்டில் புதிதாக எழுதப் படித்தவர் இருந்தால் அந்த வேலையை அவரிடமே கொடுங்கள். "இது யார்?" என்று பேரக்குழந்தை ஒரு நாள் கேட்கும். பதில் சொல்ல அப்போது நாம் இருப்போமோ, இல்லையோ, எழுத்து இருக்கும்.

உங்கள் வீட்டில் கலியாணம் வருகிறதா? சேலை எடுக்கக் கடைக்குப் போகும் முன்பே காகிதமும் பேனாவும் எடுங்கள். முதல் வரியில் வீட்டில் மிகவும் வயதானவரின் பெயரை எழுதுங்கள்.